பட்டாளத்துப் பெட்டியைத் திறக்கும்போது: போர்வீரரின் பதக்கங்களை அடையாளம் காணும், மதிப்பிடும் முறை

காவிரிப் படுகையின் பல கிராமங்களில் "மிலிட்டரிக்காரர் வீடு" என்று ஊரார் வழி சொல்லும் வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுப் பரணில், வெள்ளைப் பெயின்டால் எண்ணும் பதவியும் பெயரும் எழுதப்பட்ட கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்றும் இருக்கும். அதைத் திறக்கும் நாள் பெரும்பாலும் பெரியவர் காலமான பிறகுதான் வருகிறது. பாகப்பிரிவினை நடக்கும்போதோ, ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி கட்டும்போதோ, பத்துப் பேர் கூடி நிற்கும் பரபரப்பில் பெட்டி திறக்கப்படுவதால், உள்ளே இருப்பவை என்னவென்று அறியப்படுவதற்கு முன்பே கைமாறிப் போகின்றன.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைவரை சென்று திரும்பியவர். அவருக்கு நான்கு பதக்கங்கள் இருந்தன. காரியம் முடிந்த மறுநாள், ஆளுக்கொரு ஞாபகமாக இருக்கட்டும் என்று மூன்று மகன்களும் ஒரு மகளும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டார்கள். இன்று இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. அத்தை வீட்டிலிருந்தது 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்தெறிந்த இரவில் போயிற்று. இன்னொன்றை வெள்ளி என்று நம்பிப் பழைய பாத்திரங்களோடு கடையில் போட்டுவிட்டார்கள். அது 1939–45 போர்ப் பதக்கம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் ஆன அதில் வெள்ளியே கிடையாது. கடைக்காரருக்கும் லாபமில்லை, எங்களுக்கோ அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த இழப்புதான்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, எதையும் எடுக்காமல் இருந்தது இருந்தபடியே படம் பிடிப்பது. எந்தப் பதக்கம் எந்தக் கடிதத்தோடு ஒரே துணியில் சுற்றப்பட்டிருந்தது, எந்தப் புகைப்படம் எந்த உறைக்குள் இருந்தது என்பவையெல்லாம் பின்னால் உதவும் தடயங்கள். துப்பாக்கி ரவை, வெடிபொருள் போன்ற ஏதேனும் தென்பட்டால் கையால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். நீளமான வாளோ துப்பாக்கியோ இருந்தால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவையா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, துலக்காமல் இருப்பது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பேர்போன நம் பகுதியில், கறுத்த உலோகத்தைப் பார்த்தாலே புளியும் சாம்பலும் தேடிக் கை நீளும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் இட்டு வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையின் உண்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் புளியின் அமிலம் ஒவ்வோர் ஆண்டும் மேற்பரப்பை ஒரு படலம் அரித்து எடுக்கிறது. சந்தனம் எழுத்துப் பள்ளங்களில் இறுகி நிற்கிறது. பதக்கத்தில் காலப்போக்கில் படியும் கருமை உலோகத்துக்குக் காப்பு. சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகத்தாரும் அதைத்தான் விரும்புகிறார்கள். பூஜையில் வைக்க விரும்புவோர் பதக்கத்தை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, பொட்டை அந்தத் துணிக்கு இடலாம். ஏற்கெனவே படிந்த சந்தனத்தை, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து உடனே ஈரம் போகத் துடைத்தால் போதும்.

மூன்றாவது எச்சரிக்கை பத்தர் கடையைப் பற்றியது. வெள்ளிதானா என்று பார்க்கக் கொடுத்தால், அவர் தொழில் வழக்கப்படி விளிம்பை உரைகல்லில் உரைப்பார். வீரரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

விளிம்பைப் படித்தல்

வட்டப் பதக்கத்தின் முகத்தில் இருக்கும் அரசர் தலையையும் சிங்கத்தையும் பார்த்துவிட்டு எல்லோரும் கீழே வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அதைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நாணயத்தின் ஓரத்தைப் போன்ற அந்த மெல்லிய விளிம்பில் பெரும்பாலும் ஒரு வரி சுற்றி ஓடும்: படை எண், பதவியின் சுருக்கம், பெயர், படைப்பிரிவு. நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை விளிம்புக்கு ஏறத்தாழ இணையாகச் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். தேய்ந்துபோன விளிம்பாக இருந்தால், மெல்லிய காகிதத்தை அதன்மேல் சுற்றி இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். காகிதம் கறுத்து, எழுத்துகள் வெள்ளையாக நிற்கும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பதக்கத்தை இப்படித் தேய்த்தபோது, குடும்பத்தார் அதுவரை அறியாத படை எண் முழுமையாகக் கிடைத்தது. அந்த எண்ணைக் கொண்டுதான் அவருடைய மற்ற ஆவணங்களைத் தேட முடிந்தது.

ஆங்கிலச் சுருக்கங்களில் எஸ்.இ.பி. என்றால் சிப்பாய், என்.கே. என்றால் நாயக், எச்.ஏ.வி. என்றால் ஹவில்தார், எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். எண் ஜே.சி. என்று தொடங்கினால் அவர் ஜே.சி.ஓ., அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்; ஐ.சி. என்று தொடங்கினால் ஆணை பெற்ற அதிகாரி. ஜமேதார் என்ற பதவிப் பெயர் 1965இல் நாயப் சுபேதார் என்று மாற்றப்பட்டது. எனவே ஜமேதார் என்று பொறித்த பொருள் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். தொப்பிச் சின்னங்களிலும் பொத்தான்களிலும் மகுடம் இருந்தால் குடியரசுக்கு முந்தைய காலம். அசோகச் சிங்கம் இருந்தால் பிந்தையது.

பெயரின் எழுத்துக்கூட்டலைக் கண்டு குழம்ப வேண்டாம். கோவிந்தசாமி என்ற ஒரே ஆளைப் படைக் குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இருக்காது. பெயர் மாறினாலும் எண் மாறாமல் இருந்தால் அதையே நம்பலாம்.

எது எந்தப் பதக்கம்

முதல் உலகப் போரைச் சேர்ந்தவை மூன்று வகையாகக் கிடைக்கும். 1914–15 நட்சத்திரம் வெண்கலத்தால் ஆனது; வீரரின் விவரம் அதன் வெறுமையான பின்பக்கத்தில் இருக்கும். சிறகு விரித்த பெண் உருவம் கொண்ட வெற்றிப் பதக்கமும் வெண்கலம்தான். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் எடையும் கொண்ட வெள்ளி வட்டம். தொழிலாளர் படையினருக்கு அது வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. 1980 வாக்கில் வெள்ளி விலை உச்சத்துக்கு ஏறியபோது உலகெங்கும் ஏராளமான போர்ப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாகக் கிடைத்தால், அதன் வெள்ளி இணை இப்படிப் போயிருக்கலாம் என்று கொண்டு, உறவினர் வீடுகளிலும் ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

போரில் உயிர்நீத்தவரின் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட வெண்கலத் தட்டு ஒன்றும் உண்டு. சுமார் 12 சென்டிமீட்டர் குறுக்களவில், பிரிட்டானியா என்ற பெண் உருவமும் சிங்கமும் புடைப்பாக இருக்க, ஒரு சட்டத்துக்குள் பெயர் மட்டும் எழும்பி நிற்கும். பதவி இருக்காது, இறப்பில் அனைவரும் சமம் என்பதற்காக அதை வேண்டுமென்றே விட்டார்கள். பூஜைத் தட்டு என்றோ வெள்ளைக்காரர் காலத்து அலங்காரம் என்றோ நினைத்து ஒதுக்கப்படும் பொருள்களில் இது முக்கியமானது.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்கள் ஆறு முனை கொண்டவை. நடுவில் மகுடமும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரெழுத்துகளும் இருக்கும். பிரிட்டன் செலவைக் கருதி அவற்றைப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. இதனால் உங்கள் வீட்டு நட்சத்திரத்தில் பெயர் இல்லையென்றால் அது போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பனில் கருநீலத்தின் நடுவே அகலமான சிவப்பும் இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடுகளும் இருக்கும். அது 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை நடந்த பர்மாப் போருக்கு உரியது. இரட்டைத் தலை டிராகனைச் சிங்கம் மிதித்து நிற்பது பின்பக்கத்தில் இருந்தால் அது போர்ப் பதக்கம். இந்திய நிலப்படம் இருந்தால் இந்திய சேவைப் பதக்கம். இது மூன்றாண்டு சேவைக்கு வழங்கப்பட்டது. 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம், இந்திய சேவைப் பதக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தது பர்மாவில் பணியாற்றிய இந்திய வீரருக்குரிய வழக்கமான தொகுதி. என் தாத்தாவுடையதும் இதுவே.

இதே போரின் மறுபக்கத்தில் நின்றவர்களும் நம் ஊர்க்காரர்களே. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்குப் போய், ரப்பர் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்கள் டெல்டாவில் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் பதக்கம் கிடைப்பது மிக அரிது. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் பேரில் வழங்கப்பட்ட ஷேர்-இ-ஹிந்த், வீர்-இ-ஹிந்த் போன்ற பதக்கங்களுக்குப் பிற்காலத்தில் போலிகள் பெருகியதால், அவற்றைத் தனியொருவர் சொல்லை நம்பி உண்மை என்றோ பொய் என்றோ தீர்மானிக்க வேண்டாம். அந்த வீடுகளில் கிடைக்கக்கூடியவை புகைப்படங்கள், சிறைச் சான்றுகள், தியாகிகள் ஓய்வூதிய உத்தரவுகள், சுதந்திரத்தின் வெள்ளி விழாவான 1972இல் தியாகிகளுக்கு மத்திய அரசு வழங்கிய தாமிரப் பத்திரம் ஆகியவை. தாமிரப் பத்திரத்தைச் செம்புத் தகடு என்று எடைக்குப் போட்ட கதையைக் கேட்டபோது இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கங்களை ஒரு தொகுதியாக வைத்துப் படித்தால் ஒருவரின் பணிக்காலமே விரியும். ஓர் எடுத்துக்காட்டு: ரக்ஷா பதக்கம், பூர்வி நட்சத்திரம், சங்கிராம் பதக்கம், சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம், ஜம்மு காஷ்மீர் என்ற குறுக்குப் பட்டை கொண்ட சைன்ய சேவா பதக்கம், ஒன்பதாண்டு நீண்ட சேவைப் பதக்கம் ஆகியவை ஒரே பட்டையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரக்ஷா பதக்கத்தின்படி அவர் 1965 போர்க் காலத்தில் படையில் இருந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் காஷ்மீரில் பணியாற்றியிருக்கிறார். பூர்வி நட்சத்திரமும் சங்கிராம் பதக்கமும் சொல்கிறபடி, 1971 போரில் கிழக்கு முனைக்குப் போயிருக்கிறார். மேற்கு முனையாக இருந்தால் பஸ்சிமி நட்சத்திரம் கிடைத்திருக்கும். 1972இல் பணியில் இருந்தார். இருபதாண்டுப் பதக்கம் இல்லாததால் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு காகிதம்கூட இல்லாமல் சொல்லிவிட முடிகிறது. 1965 போர்முனைக்கே சென்றவருக்குச் சமர் சேவா நட்சத்திரமும், கார்கிலில் நின்றவருக்கு ஆபரேஷன் விஜய் நட்சத்திரமும் உரியவை.

வீரதீர விருதுகள் தனி வகை. பரம வீர், மகா வீர், வீர் சக்கரங்கள் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கும் பொருந்தும்படி வழங்கப்பட்டன. வீர் சக்கரம் வெள்ளியால் ஆனது; ரிப்பனில் பாதி கருநீலம், பாதி காவி. திருச்சியில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ள மேஜர் சரவணனுக்குக் கார்கில் போரில் காட்டிய வீரத்துக்காக இதுதான் அளிக்கப்பட்டது. அசோக சக்கரத்தின் மூன்று வகுப்புகள் 1967இல் அசோக, கீர்த்தி, சௌரிய சக்கரங்கள் என்று பெயர் மாற்றப்பட்டன. பிரிட்டிஷ் காலத்தில் இந்திய வீரர்களுக்கென்றே இருந்தவற்றுள் 1837இல் தொடங்கிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்டும், 1907இல் தொடங்கிய இந்தியன் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடலும் முதன்மையானவை. இவற்றில் ஏதேனும் உங்கள் பெட்டியில் இருந்தால், விலையைப் பற்றி யோசிக்கும் முன் அரசிதழ் அறிவிப்பைத் தேடி எடுங்கள்.

பழைய புகைப்படத்தில் நெஞ்சில் இருக்கும் ரிப்பன் வரிசையும் ஒரு சான்றுதான். நாம் பார்க்கும்போது இடக்கைப் பக்கம், அதாவது அவர் நெஞ்சின் நடுவை ஒட்டி இருப்பதே உயர்ந்தது. பெட்டியில் இல்லாத பதக்கம் படத்தில் இருந்தால், எது காணாமற்போனது என்பது தெரிந்துவிடும்.

காகிதங்கள்

படையிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாமல் மதிப்பீடு செய்வது பட்டா இல்லாமல் நிலம் விற்பதைப் போன்றது. சேர்ந்த நாள், விலகிய நாள், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊரைத் தேடும்போது மாவட்டப் பெயரில் கவனம் தேவை. நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. பழைய படை ஆவணங்களில் எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். தாலுகா மாயவரம் என்றோ நாகப்பட்டினம் என்றோ மன்னார்குடி என்றோ இருக்கும். கிராமத்தைவிடத் தபால் நிலையத்தின் பெயர்தான் பல நேரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

புத்தகம் கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுக வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் வீரர் என்றால் நீலகிரி வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர் என்றால் பெங்களூரிலும் உள்ள படைப்பிரிவு மையத்தின் ரெக்கார்டு ஆபீசுக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். விருதுக்கான உதவித்தொகை, விதவைக்கான உதவி ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதையும் அதே வேளையில் கேட்டுவிடுங்கள். உலகப் போர்களில் இறந்து திரும்பாதவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் கட்டணமின்றித் தேடலாம். கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள் ரங்கூன், சிங்கப்பூர் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

மதிப்பு

உலோகத்தின் விலை மிகச் சிறியது. பெரும்பாலான பதக்கங்களில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். சந்தை விலையைத் தீர்மானிப்பவை வேறு: விளிம்பில் பெயர் உண்டா, தொகுதி முழுமையாக இருக்கிறதா, எந்தப் படைப்பிரிவு, எந்தப் போர், துணைக்குக் காகிதமும் படமும் உண்டா, வீரச் செயலின் விவரம் அச்சில் இருக்கிறதா. வெள்ளி விழாப் பதக்கம், சங்கிராம் பதக்கம் போன்றவை படையில் இருந்தோருக்குப் பரவலாக வழங்கப்பட்டவை. தனியாக அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. அவையே டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் கடிதங்களோடும் ஒரே ஆளின் முழுத் தொகுதியாக நிற்கும்போது நிலைமை வேறு. எங்கள் வீட்டில் பிரிந்துபோன நான்கில் மிஞ்சிய இரண்டையும் காட்டியபோது, பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி "மற்ற இரண்டு எங்கே?" என்பதுதான்.

அசலா நகலா என்பதையும் பார்க்க வேண்டும். படைவீரர்கள் அணிவகுப்புக்கு அணிய நகல் பதக்கங்களைக் கடையில் வாங்குவது வழக்கம். அதில் ஏமாற்று எதுவுமில்லை. அவற்றில் பெயர் இருக்காது, அல்லது கையால் கீறியது போல இருக்கும், புடைப்பு மழுங்கியிருக்கும். நாணயத்தைவிடச் சிறிய பதக்கங்கள் விருந்து உடைக்கான மினியேச்சர்கள். வேறொருவர் பெயரை அரவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருந்தால், குறுக்களவு சற்றுக் குறைந்திருக்கும்; பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் என்றால் அது 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுக்கும்.

விலையை ஒப்பிடும்போது, இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை எடுத்துக்கொள்ளாமல், ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். அதிலும் ஏல நிறுவனத்தின் கமிஷன் கழியும். லண்டன் ஏலங்களில் இந்தியப் பதக்கங்களுக்கு நல்ல விலை போவதைக் கண்டு தபாலில் அனுப்பத் துணிய வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருளாகிறது. வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டே போதும். இவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. இரண்டாம் போரின் கடிதங்களும் தாண்டிவிட்டன. ஆகவே வெளிநாட்டு விலையை உங்கள் விலையாக எண்ண இடமில்லை. எழுத்து மூலமான மதிப்பீடு ஒன்றுக்கு இரண்டாகப் பெறுங்கள். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் மூன்றாவது கருத்து அவசியம்.

காப்பதும் கொடுப்பதும்

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும். ரிப்பனை இராமபாணப் பூச்சி அரிக்கும். பதக்கங்களை ஒன்றோடொன்று உரசாதபடி துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரே டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டு கூடாது; அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மலிவான பிளாஸ்டிக் ஆல்பமும் செய்தித்தாளும் வேண்டாம். கிழிந்திருந்தாலும் பழைய ரிப்பனை எறியாதீர்கள். வெள்ளம் வரும் ஊர் என்றால் டப்பா இருக்க வேண்டிய இடம் பீரோவின் மேல்தட்டு. காகிதங்களை ஸ்கேன் செய்து குறைந்தது இரண்டு வீடுகளில் படி வைத்திருங்கள்.

பங்காளிகளுக்குள் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பதக்கங்களின் தெளிவான படங்களைச் சட்டமிட்டு எல்லோரும் எடுத்துக்கொண்டு, அசல் தொகுதியை ஒருவர் பொறுப்பில் விடுவதே நான் கண்ட சிறந்த ஏற்பாடு. படைப்பிரிவு அருங்காட்சியகத்துக்கு அளிப்பதென்றால், அன்பளிப்பா இரவலா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்ட ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதில் "பதக்கம் நான்கு" என்று மட்டும் எழுத விடாமல், ஒவ்வொரு பதக்கத்தின் பெயரையும், விளிம்பில் உள்ள வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியேயும் எழுதச் சொல்லுங்கள். பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.